எல்லாளன் ஜெயித்த மாலை

என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான்.

இன்று பிலிமத்தலாவையில் ஈயம் உருகும் வாடை வந்ததும், மஹய்யாவையில் இப்போது இல்லாத நசீர் நானாவின் தகரக் கடையும், அவர் வார்த்துத் தந்த விரலளவு யானைகளையும் வேல்வீரர்களையும் மேசையில் நிறுத்தி, தாயக்கட்டை உருட்டி, நானும் சுனிலும் தமிழ் ராஜா எல்லாளனுக்கும் சிங்கள ராஜா துட்டகைமுனுவுக்குமான போரை நடத்திய மாலைகளும் திரும்பி வந்தன. பாடப்புத்தகத்தில் உள்ளதுபோலவே என் எல்லாளன்தான் எப்போதும் விழுவான்.

ஊரில் கலவரப் பேச்சு பரவியிருந்த அன்று கட்டை மாறி விழுந்தது. "எல்லாளன் ஜெயிச்சிட்டான்டா" என்று கத்திவிட்டேன். வாசலில் செருப்புச் சத்தங்கள் நின்றன.

"மெல்லப் பேசுங்க மகன்" என்றார் நானா.

சுனில் என் ராஜாவைச் சாய்த்து, துட்டகைமுனுதான் வென்றான் என்று சிங்களத்தில் உரக்கக் கூவினான். பிறகு என் காதில், "கோவிச்சுக்காத மச்சான்" என்றான். செருப்புகள் நகரும்வரை அவன் விரல் என் ராஜாவை அழுத்தியபடியே இருந்தது.

எழுதியது, தைப்பொங்கலுக்கு மறுநாள்.