ஆம்ப் தூக்கியின் வேலை போன கதை

எனக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. அதில் ஆறு கம்பிகள் இருப்பதையே கல்யாணத்துக்குப் பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். ஆனால் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கித் தருகிற ஆம்ப் என்ற பெட்டியைத் தூக்கத் தெரியும். மாடிப்படியின் எந்தத் திருப்பத்தில் இடது தோளைச் சாய்க்க வேண்டும், ஆட்டோவில் எந்தப் பக்கமாகச் செருகினால் வளைவில் வெளியே சாயாது, ஆலயத்தின் எத்தனையாவது படியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம், எல்லாம் எனக்கு அத்துப்படி. பதினோரு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அதுதான் என் உத்தியோகமாக இருந்தது. வாரத்தில் மற்ற ஐந்து நாள் திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கிறேன். அங்கே எனக்கு இவ்வளவு நல்ல பெயர் கிடையாது.

வாசிப்பது என் மனைவி. அவள் பாறசாலைப் பக்கத்து சர்ச் குடும்பம். நான் நாகர்கோவில்காரன், கோயிலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவன். காதல் கல்யாணம். இரண்டு வீட்டிலும் கொஞ்ச காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள், பிறகு அலுத்துப்போய் இறக்கி வைத்துவிட்டார்கள். திருவனந்தபுரத்தில் கரமனையில் வாடகைக்கு வீடு பிடித்தோம். இரண்டாவது மாடி. அவள் இங்குள்ள ஒரு சின்னத் தமிழ்ச் சபையின் பாடகர் குழுவில் சேர்ந்தாள்.

முதல் ஞாயிறு அவளோடு போனபோது என்னை என்ன செய்வதென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நல்லவேளையாக என் கையில் ஆம்ப் இருந்தது. கலைந்துபோன ஏதோ ஒரு பேண்டிடமிருந்து அவள் கல்லூரிக் காலத்தில் வாங்கியது. இருபத்தாறு கிலோ. வியர்த்து விறுவிறுத்து அதைப் பக்கவாசல் வழியாக உள்ளே கொண்டுபோனேன். ஒருவர் கதவைத் திறந்து பிடித்தார், ஒருவர் தண்ணீர் கொடுத்தார், ஒருவர் பிளக் பாயிண்டைக் காட்டினார். அந்தப் பிளக் பாயிண்ட் கொஞ்சம் லொடலொட. அதனால் ஆம்புக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பிளக் கழன்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் எனக்கே கொடுத்தார்கள். அன்றிலிருந்து நான் ‘ஆம்ப் அண்ணன்’. ஏன் பாடவில்லை, ஏன் முழங்கால் போடவில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை. பிளக் பார்க்கிறவன் எப்படி முழங்கால் போட முடியும்? பொறுப்பு இருக்கிறதே.

எனக்கு அங்கே பிடித்திருந்தது. பாட்டு முடிந்த பிறகு வரும் அந்த அமைதியும், வெளியே வந்ததும் கிடைக்கும் கட்டன் சாயாவும், என்னை யாரும் மாற்றப் பார்க்காததும் பிடித்திருந்தது. இதை நான் என் அம்மாவிடம் இன்றுவரை சொன்னதில்லை.

போன வருடம் ஒரு ஞாயிறு காலையில், மாடிப்படித் திருப்பத்தில் இடது தோளைச் சாய்த்தபோது இடுப்புக்கு மேலே ஏதோ ஒன்று சுளீர் என்று பிடித்தது. முகத்தில் எதையும் காட்டாமல் இறங்கினேன். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“முதுகு பிடிச்சிருக்கா?”

“இல்லியே.”

“அப்ப என்னத்துக்கு நண்டு மாரி நடக்கிய?”

டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு இனி கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றார். நான் அவரிடம் எது கனம், எது கனமில்லை என்று வாதாடிப் பார்த்தேன். அவள் குறுக்கே புகுந்து, “இருவத்தாறு கிலோ, டாக்டர்” என்று போட்டுக்கொடுத்துவிட்டாள். திரும்பி வரும்போதே முடிவும் சொல்லிவிட்டாள். “சின்னதா ஒரு ஆம்ப் வாங்குவோம். நானே தூக்கிக்கிடுவேன்.”

நானே தூக்கிக்கிடுவேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! ஆம்ப் சின்னதானால் ஆம்ப் அண்ணனுக்கு அங்கே என்ன வேலை? வேலையில்லாதவன் ஆலயத்தில் ஒன்று ஜெபிக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே நிற்க வேண்டும். எனக்கு இரண்டுமே சரிப்படாது. பதினோரு வருடமாக உட்கார்ந்த இடம் போகப்போகிறது என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. ஆகவே, எப்பாடுபட்டாவது கடையிலேயே கனமானதாக ஒன்றை அவள் தலையில் கட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். முதுகு போனால் போகட்டும்.

கடை தம்பானூருக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் கீழ்த்தளத்தில் இருந்தது. கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். முன்தலை முழு வழுக்கை, பின்னால் ஒரு குடுமி. மலையாளத்தில் ஆரம்பித்தவர், நாங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுத் தமிழுக்குத் தாவினார்.

“ஹால்ல எத்தன பேர் உண்டு?”

“அறுபது, எழுபது” என்றாள் அவள்.

“அதுக்கு இருவது வாட் மதி, தாராளம், கேட்டோ.”

“சபை வளருமில்லியா?” என்று நான் நுழைந்தேன். “நூறு வாட்ல ஒண்ணு எடுத்தா பின்னால கவலையில்ல.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் கிட்டாரைத் தோளில் மாட்டும் வார்கள் தொங்கும் பக்கமாக நகர்ந்துகொண்டேன்.

முதலில் ஒரு குட்டிப் பெட்டியை எடுத்து வைத்தார். அதில் ஏதோ ஒரு குமிழைத் திருப்பி அவரே ஒரு கிட்டாரை எடுத்து வாசித்தார். கடையே கரகரவென்று அதிர்ந்தது. முடித்துவிட்டுப் பெருமையாக எங்களைப் பார்த்தார்.

“இந்தக் கரகரப்பு வேண்டாம், சேட்டா” என்றாள் அவள். “சுத்தமா இருக்கணும். கம்பி என்ன சொல்லுதோ அது மட்டும் கேக்கணும். ஆனா சத்தம் மெலிஞ்சும் போவக் கூடாது.”

அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. பிறகு அவள் கையில் கிட்டாரைக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே மாதிரிதான் பார்த்தாள். முதலில் ஆறு கம்பியையும் சேர்த்து ஒரு தடவை வருடுவாள். அடுத்து தடித்த கம்பியை மட்டும் தனியாகத் தட்டிவிட்டு அது அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் காத்திருப்பாள். பிறகு சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவாள். சின்னப் பெட்டிகள் ஓரளவுக்கு மேல் தாங்காதாம், சத்தம் உடைந்து கரகரக்குமாம். எதுவரைக்கும் உடையாமல் போகிறது என்பதுதான் விஷயமாம். குட்டிப் பெட்டி உடையவே இல்லை, ஆனால் ஜலதோஷம் பிடித்தவர் போனில் பேசுவதுபோல இருந்தது என்றாள். இரண்டாவது நிறைவாகத்தான் ஆரம்பித்தது, பாதி சத்தம் வைப்பதற்குள் கிழிந்துவிட்டது. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும், “பழசு மாரி இல்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்தவன் போலத் தலையையும் ஆட்டினேன்.

மூன்றாவதை எடுத்து வைத்தபோது கடைக்காரர் என்னையே பார்த்தார்.

“சேட்டன் எதுக்கு எப்பவும் பின்னால போய் நிக்குது?”

அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு தடவையும் நான் நேராகப் பெட்டியின் பின்பக்கம் போய், பிளக் இருக்கும் இடத்தில் நின்றிருக்கிறேன். பதினோரு வருடப் பழக்கம், கால் தானாகப் போகிறது. அவர் எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து, அவளுக்கு எதிரே நாலடி தூரத்தில் நிறுத்தினார். “இனி வாசிங்க, சேச்சி.”

அவள் அதே வருடலை வருடினாள். ஆறு கம்பிகளும் ஆறாகவே கேட்டன. ஒன்றன்மேல் ஒன்று விழவில்லை. விரல் கம்பிமேல் நகரும்போது எழுந்த சின்னக் கீச்சு கேட்டது. தடித்த கம்பி அடங்கும்வரை கேட்டது, அடங்கிவிட்டதும் கேட்டது. நான் அவளிடம், “இப்ப என்னமோ மாத்திட்டியா?” என்றேன்.

“ஒண்ணும் மாத்தல்ல.”

கடைக்காரர் விளக்கினார். தெளிவெல்லாம் ஸ்பீக்கரின் முகத்துக்கு நேரேதான் போகும். பின்னால் வருவது வெறும் முழக்கம். “பின்னால இருந்தா தும் தும் மாத்ரம்தான். எத்தன வருஷமாச்சு, சேட்டா?”

“பதினொண்ணு.”

“அப்ப பதினோரு வருஷமா பெட்டியோட முதுகத்தான் கேட்டிருக்கு” என்று சொல்லிவிட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பே வரவில்லை. ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். சபையில் அவள் வாசிப்பை யாராவது புகழ்ந்தால் பெருந்தன்மையாகத் தலையாட்டுவேனே தவிர, மனசுக்குள் சுமார்தான் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஏதோ ஆசைக்கு வாசிக்கிறாள், நம்மால் முடிந்தது தூக்கிக் கொடுப்போம் என்று. வெட்கமாக இருந்தது. கனமான பெட்டியை வாங்க வைக்கும் திட்டமும் அந்த வெட்கத்தில் எங்கேயோ விழுந்துவிட்டது.

அவள் மூன்றாவது பெட்டியின் சத்தத்தை முக்கால் வரைக்கும் கூட்டினாள். உடையவில்லை. பிறகு அதன் கைப்பிடியைப் பிடித்து ஒற்றைக் கையில் தூக்கி, செருப்புக் கடையில் புதுச் செருப்பைப் போட்டுப் பார்ப்பதுபோல, கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துவிட்டு வந்தாள். ஒன்பது கிலோ. “இது போதும்” என்றாள்.

அடுத்த ஞாயிறு அவள் குளித்துக் கிளம்பி, முதுகில் கிட்டாரும் கையில் ஆம்புமாக வாசலில் நின்றாள். நான் கைலியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

“கெளம்பலியா?”

“நான் எதுக்கு? அதான் நீயே தூக்கிட்டியே.”

கிட்டார் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டாள். “சரி” என்றாள். “சாவி மேசமேல இருக்கு.” இறங்கிப் போய்விட்டாள். கீழே ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது.

எனக்குக் கோபமான கோபம். பேப்பரின் அதே பக்கத்தை மூன்று தடவை திருப்பினேன். பதினோரு வருடம் சுமந்தவனுக்கு ஒரு ‘வாங்க’ கிடையாதா? கால் மணி நேரம் இப்படிப் பொருமிவிட்டு, அவள் ஏன் கூப்பிடவில்லை என்று யோசித்தேன். இதுவரை அவள் ஒரு நாளும் என்னைக் கூப்பிட்டதில்லை. சேரச் சொன்னதில்லை, பாடச் சொன்னதில்லை, வரச் சொன்னதும் இல்லை. என்னை அவர்கள் பக்கம் இழுத்துவிட்டாள் என்று என் வீட்டில் யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவள் அவ்வளவு கவனம். ஆம்ப் இருந்ததால் கூப்பிட வேண்டிய அவசியம் எங்கள் இரண்டு பேருக்குமே வரவில்லை. இன்றைக்கு அது இல்லை, அவளும் கூப்பிடவில்லை. போவதென்றால் நானாகத்தான் போக வேண்டும்.

சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் பிடித்தேன்.

அந்த ஆலயத்தின் முன்வாசல் வழியாக நான் நுழைந்ததே இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் என் இரண்டு கைகள். சும்மா தொங்கவிட்டால் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் மாதிரி இருந்தது. கோத்துக்கொண்டால் ஜெபிப்பது மாதிரி இருந்தது. பையில் விட்டால் மரியாதைக் குறைவு. அப்படியே வாசலில் தவித்துக்கொண்டு நின்றேன். பாட்டு நடந்துகொண்டிருந்தது. என் பிளாஸ்டிக் நாற்காலி இருந்த இடத்தில் ஒரு பூச்சாடியை வைத்திருந்தார்கள். ஒரு வாரத்தில்!

மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் சபை மூப்பர் ஒருவர் இருந்தார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் பார்த்ததும் தன் வரிசையைத் திரும்பிப் பார்த்து, “உள்ள நீங்கி இரிங்க, நீங்கி இரிங்க” என்று பழைய தொழில் குரலில் விரட்டி ஒரு ஆள் இடம் உண்டாக்கினார். “வா மக்களே, எடம் உண்டு” என்று பெஞ்சைத் தட்டினார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. போய் உட்கார்ந்தேன்.

புது ஆம்ப் எனக்கு நேர் எதிரே இருந்தது. அவள் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தாள். அறுபது பேர் பாடுகிற பாட்டுக்குக் கீழே ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக என்னிடம் வந்துகொண்டிருந்தது. சரணத்துக்குத் திரும்பும் இடத்தில் அவள் தலையை நிமிர்த்தினாள். என்னைப் பார்த்தாள்.

விரல் நழுவியது. முழுசாக ஆறு கம்பியும் தப்பான இடத்தில் விழுந்தன. பழைய ஆம்பாக இருந்தால் அந்த முழக்கத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. இது அந்தத் தப்பை அப்படியே, ஒரு பிசிறும் இல்லாமல், கடைசிப் பெஞ்சு வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தது. கீபோர்டு வாசிப்பவர் திரும்பிப் பார்த்தார். பாடகர் குழு அரை அடி தடுமாறிப் பிறகு சேர்ந்துகொண்டது. அவள் அவசரமாகக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியதில் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

“மகளுக்கு இன்னைக்கு என்னாச்சு? இப்படித் தப்புறது இல்லியே” என்றார் மூப்பர் என் காதருகே.

“நான் வந்ததைப் பாத்துட்டா” என்றேன்.