வெண்கலத்தின் குரல்

என் தங்கச்சி புருஷனுக்குத் துறைமுகத்தில் வெண்கலம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அரசாங்கக் காகிதத்தில் மட்டும்தான். மீன் ஏலம் விடுகிறவர். படகு இன்ஜின் இரைந்துகொண்டிருக்கும்போதே கடைசியில் நிற்பவனுக்கும் விலை கேட்கும். விலையோடு கிண்டலும் சேர்ந்து வரும். "என்னய்யா யோசனை, பொண்ணு பாக்கவா வந்திருக்கே? மீனைப் பாரு!" என்பார். கேலி வாங்கியவன் ரோஷத்தில் விலையை ஏற்றுவான். அதுதான் அவர் தொழிலின் சூட்சுமம்.

புயல் ஏலக்கூடத்தின் கூரையைக் கொண்டுபோனது. அவர் வீட்டில் சுவர்கூட மிஞ்சவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பையோடு நகரத்துக்கு, என் வீட்டுக்கு வந்தார்கள். நான் பஞ்சர் கடைக்காரன். மாடியில் இரண்டு அறை, கீழே வீட்டுக்காரம்மா.

வந்த மறுநாள் காலையில் மாப்பிள்ளை குளியலறையிலிருந்து துண்டு கேட்டார். வீட்டுக்காரம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்துவிட்டார்.

"யாருக்கு என்ன ஆச்சு? அடிதடியா?"

"துண்டு கேட்டாரும்மா" என்றாள் தங்கச்சி.

"துண்டுக்கே இப்படின்னா, சோறு கேட்டா என் வீடு இடிஞ்சிருமே! குடித்தனங்க இருக்கிற இடம். சரிப்படலேன்னா வேற வீடு பாத்துக்குங்க."

கடலோரமே திரண்டு வந்து நகரத்தில் வீடு தேடிக்கொண்டிருந்த நேரம் அது. வேறு வீட்டுக்கு எங்கே போவது? அன்றிலிருந்து மாப்பிள்ளை வாயைத் திறந்தாலே தங்கச்சி உள்ளங்கையைத் தரையை நோக்கி அமுக்குவாள். என் பெண்டாட்டியும் அமுக்குவாள். நானும்தான்.

அவருக்குக் கிடைத்த வேலையும் அப்படிப்பட்டது. ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு வாசலில் காவல். முதல் நாள், "செருப்பைக் கழட்டிட்டு வாங்க!" என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். உள்ளே அத்தனை பச்சைப் பிள்ளைகளும் வீறிட்டன. நர்ஸம்மா ஓடிவந்து, "அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இனிமே கையாலயே பேசுங்க" என்று கும்பிட்டாராம்.

கையால் பேசப் பழகிக்கொண்டார். வேலை நிலைத்தது. நாளாக ஆக, வீட்டில்கூட உப்பு வேண்டுமென்றால் விரலால்தான் காட்டினார். மனுஷன் தங்கமாகிவிட்டார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏலக்கூடத்துக்குப் புதுக் கூரை போட்டதும் மீனவர் சங்கத் தலைவர் போன் செய்தார். "உன் இடம் காலியாத்தான் இருக்கு, வெண்கலம். வந்து கூவு. நீ வரலேன்னா வேற ஆளைப் போட்டாகணும். மீன் யாருக்காகவும் காத்திருக்காதுப்பா."

மாப்பிள்ளை முகத்தில் அன்றுதான் பழைய களை வந்தது. ஊரில் குடிசைக்கு எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்றுகூடத் தங்கச்சி யோசித்துவிட்டாள். கடையைப் பூட்டிவிட்டு நானும் அவரோடு பஸ் ஏறினேன்.

பழைய ஆட்கள் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். முதல் கூடை வந்தது. மாப்பிள்ளை பெட்டி மேல் ஏறி நின்று விலை சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"புயல் தொண்டையையும் தூக்கிட்டுப் போயிருச்சா?" என்றான் ஒரு வியாபாரி. எல்லோரும் சிரித்தார்கள், பாசமாகத்தான்.

மறுபடியும் சொன்னார். அதே குரல்தான். வியாபாரிகள் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். இரைச்சல் ஏறியது. அவர் என்ன செய்தார் தெரியுமா? உள்ளங்கையைத் தரையை நோக்கி அமுக்கிக் காட்டினார். ஏலக்கூடத்தில்!

"யோவ், கைய ஆட்டினா மீன் விக்குமா?" என்றாள் மீன்காரி ஒருத்தி. கொழுத்த மீன் அடிமாட்டு விலைக்குப் போனது. படகுக்காரர் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"நாலு நாள் கூவினா தொண்டை திறந்துக்கும். அடுத்த வாரம் வா" என்றார் தலைவர்.

திரும்பும்போது பஸ்ஸில் மாப்பிள்ளை என் காதருகே குனிந்தார். "தொண்டைக்கு ஒண்ணுமில்ல மச்சான். கத்தறதுக்கு வெக்கமா இருந்துச்சு. யாரையோ எழுப்பிடுவோமோன்னு."



அடுத்த வாரம் அவர் போகவில்லை. தலைவரும் எத்தனை நாள் பொறுப்பார்? வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். சேதி வந்த அன்று தங்கச்சி நடு வீட்டில் நின்று ஆங்காரமாகக் கத்தினாள். "உங்க இடம் போச்சு! இப்பவாவது வாயத் திறந்து யாரையாவது திட்டுங்களேன்! என்னையாவது திட்டுங்க!"

மாப்பிள்ளை எழுந்து போனார். கீழே கேட்காதபடி மாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்து, பழையபடி உட்கார்ந்துகொண்டார்.