மாமாவின் ரேடியோ

எங்கள் ஊர் எழுமலையில் ஒலிபெருக்கிக்கு ரேடியோ என்றுதான் பெயர். கல்யாண வீட்டில் ரேடியோ கட்டுவார்கள், சாமி கும்பிட்டால் ரேடியோ கட்டுவார்கள். அம்மாவின் தம்பியான என் மாமாவோ கடைவீதி முழுக்க நிரந்தரமாகவே ரேடியோ கட்டி வைத்திருந்தார். பஸ் நிற்கும் இடத்திலிருந்து சந்தைத் திடல் வரை கம்பத்துக்குக் கம்பம் கூம்புக் குழாய்கள். ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் அவருடைய மைக் அறை. காலையிலும் மாலையிலும் பாட்டு, நடுநடுவே கடை விளம்பரம், காணாமல் போன ஆட்டைப் பற்றி ஓர் அறிவிப்பு. அதோடு நின்றிருக்கலாம்.

எனக்குப் பத்து வயதானபோது மாமாவுக்கு வார்டுத் தேர்தலில் நிற்கும் ஆசை வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவரே பேச ஆரம்பித்தார். முதலில் குடிதண்ணீர், சாக்கடை. ஊர் ரசித்தது. பிறகு தன் செல்போன் எண்ணைச் சொல்லி, கூப்பிடுகிறவர்களின் குரலை மைக்கில் பிடித்து ஊருக்கே கேட்க வைத்தார். தனக்கு ஒத்துப் பேசுகிறவர்களை முழுதாகப் பேச விடுவார். மறுத்துப் பேசுகிறவர்களின் லைன் பாதியில் அறுந்துவிடும். "சிக்னல் சரியில்ல மக்களே" என்பார். எங்கள் ஊரில் சிக்னல் ஆளுக்கு ஆள் மாறும் என்று நானும் நம்பியிருந்தேன்.

சாக்கடையைப் பற்றி எத்தனை நாள் பேச முடியும்? கூட்டம் குறைந்தது. அந்தச் சமயத்தில்தான் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒரு புரளி செல்போன்களில் சுற்றிக்கொண்டிருந்தது. மாமா அதைப் பிடித்துக்கொண்டார். கம்பளி விற்கிறவன், பானிபூரி விற்கிறவன், கட்டட வேலைக்கு வந்தவன் எல்லோரும் ஒரே ஆளாகி, "வடக்கத்தியான்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கினார்கள். குழாய்களுக்கு அடியில் மறுபடி கூட்டம் நின்றது.

"ஏண்டா இப்படி வாய்க்கு வந்ததப் பேசுற?" என்று அம்மா கேட்டாள்.

"பேசுறதுக்கு எனக்கு உரிமை இருக்குக்கா. பிடிக்காதவன் காதப் பொத்திக்கிரட்டும்."

"நீ கட்டிவச்சிருக்க குழாய்க்கு எம்புட்டுத்தான் காதப் பொத்துறது?"

மாமா சிரித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். மத்தியானச் சாப்பாடு அவருக்கு எங்கள் வீட்டில்தான்.

அது ஒரு சனிக்கிழமை. கண்மாய்க்கரைப் பாதையில் சைக்கிள் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தவள் சறுக்கி விழுந்தேன். சைக்கிள் என் மேலே கிடந்தது, முழங்காலில் ரத்தம். அந்த வழியாகக் கம்பளி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒருவர், மூட்டையைக் கீழே இறக்கிவிட்டு ஓடிவந்து சைக்கிளைத் தூக்கினார். தன் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் காயத்தைக் கழுவினார். கழன்ற செயினை மாட்டினார். இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அழுகை நின்றுவிட்டது. எங்கள் தெருமுனை வரை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார்.

அம்மாவிடம் முழுதும் சொன்ன பிறகு, சாப்பாட்டு நேரத்தில் மாமாவிடமும் பெருமையாகச் சொன்னேன். ஒரு இந்திக்காரர் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார் என்றுதான் ஆரம்பித்தேன். மாமா அதற்கு மேல் கேட்கவில்லை. எந்தப் பக்கம் போனான், என்ன சட்டை போட்டிருந்தான் என்று மட்டும் விசாரித்துவிட்டு, மோர்ச் சோறு சாப்பிடாமலே எழுந்து போனார்.

ஐந்து மணிக்கு ரேடியோ பேசியது. வீடு கடைவீதிக்குப் பின்தெருவில் இருந்ததால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "இன்னைக்கு மத்தியானம் நம்ம ஊருப் பிள்ளை ஒண்ண, கம்பளி விக்கிற வடக்கத்தியான் ஒருத்தன் தூக்கிட்டுப் போகப் பாத்திருக்கான். அது யாரு பிள்ளை தெரியுமா மக்களே? என் சொந்த அக்கா மக! பச்சைச் சட்டை போட்டிருக்கான். இன்னும் ஊருக்குள்ளதான் திரியுறான்."

ரேடியோவில் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள்! நான் வாசலில் குதித்தேன். பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா எழுந்த வேகத்தில் பூவெல்லாம் தரையில் சிதறியது.

மாமாவுக்குப் போன் போட்டாள். "அக்கா, பேசிக்கிட்டிருக்கேன், பெறகு வாரேன்" என்று வைத்துவிட்டார். மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. அதற்குள் தெருவில் ஆண்கள் கடைவீதிப் பக்கம் ஓடத் தொடங்கியிருந்தார்கள். ஒருவர் கையில் மண்வெட்டியின் மரப்பிடி இருந்தது. பஞ்சர் கடைக்குள் ஒருத்தன் ஒளிந்திருக்கிறான் என்று யாரோ கத்திக்கொண்டு போனார்கள். அம்மா என்னை இழுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடி, அவர்கள் போனை வாங்கினாள். எங்கள் போனில் சார்ஜ் இருக்கும்போது எதற்கு இரவல் என்று எனக்குப் புரியவில்லை.

எண்ணை அழுத்தி என் காதில் வைத்தாள். "நான் பேசுனா கட் பண்ணிருவான். நீ பேசு. நடந்தத நடந்தபடி சொல்லு."

"வணக்கம், சொல்லுங்க, ஊரே கேக்குது" என்றார் மாமா.

"மாமா, நாந்தான்." என் குரல் சற்றுப் பிந்திக் கடைவீதியிலிருந்து எனக்கே திரும்பி வந்தது. பயந்து நிறுத்தினேன். அம்மா என் தோளை அழுத்தினாள். "மாமா, அவரு என்னையத் தூக்கல. சைக்கிளத்தான் தூக்குனாரு. நான் கீழ விழுந்து கெடந்தேன். தண்ணி ஊத்திக் கழுவி விட்டாரு. அவரு நல்லவரு மாமா."

லைன் அறுந்துவிடும் என்று அம்மா எதிர்பார்த்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மாமா அறுக்கவில்லை. குழாய்களில் வெறும் இரைச்சல் மட்டும் ஓடியது. பிறகு மாமாவின் குரல், அதுவரை நாங்கள் ரேடியோவில் கேட்டிராத குரல், வந்தது.

"பேசுனது என் அக்கா மக. பிள்ளை சொன்னதுதான் நெசம். நான் சொன்னது பொய். முழுசாக் கேக்காம, கூட்டம் சேரணும்னு பேசுன பொய். அந்த ஆளு மேல ஒரு கை படக்கூடாது. நான் கீழ வாரேன்."

மாமா மைக்கை அணைக்காமலே படியில் இறங்கியிருக்கிறார். காலி அறையின் மின்விசிறிச் சத்தம் வெகுநேரம் ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பஞ்சர் கடை பாய் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். கம்பளிக்காரரை நாலைந்து பேர் அடிக்கத் தொடங்கியபோதே பாய் அவரைக் கடைக்குள் இழுத்து ஷட்டரை இறக்கி, முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். "தொறக்க மாட்டேன்ப்பா. போலீஸ் வரட்டும், சாவியக் குடுக்குறேன்" என்பதற்கு மேல் பேசவில்லையாம். மாமா வந்து அவர் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவர் பேச்சுக்குக் கை தட்டியவர்களே அவர் சட்டையைக் கிழித்தார்கள். "காசு வாங்கிட்டுப் பேச்ச மாத்துறியா?" என்று ஒருவர் கன்னத்தில் அறைந்தார். மாமா திருப்பி அடிக்கவும் இல்லை, நகரவும் இல்லை. போலீஸ் வந்ததும், தூண்டிவிட்டது யார் என்று அவர்கள் கேட்கும் முன்பே, "நான்தான் சார்" என்று ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

குழாய்களைக் கழற்றிவிட்டார்கள். தேர்தல் ஆசை அத்தோடு போயிற்று. வழக்கு, வாய்தா என்று உசிலம்பட்டிக்கு அலைந்தார். இப்போது மோட்டார் பம்பு ரிப்பேர் பார்க்கிறார், அதிகம் பேசுவதில்லை. அவர் பேசியது எத்தனை பெரிய தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மாமாவை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சில் முதலில் வருவது நன்றிதான். ஒரு விரலை அசைத்திருந்தால் என் குரலும் சிக்னலோடு போயிருக்கும். ஊரே கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு சின்னப் பிள்ளை தன்னைப் பொய்யனாக்க விட்டுக்கொடுத்தார். இரவல் போன் தேடி ஓடிய அம்மாவுக்கும், ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்த பாய்க்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை எப்படித் தீர்ப்பதென்று இன்றும் தெரியவில்லை.

அன்று கூட்டம் கலைந்து, போலீஸ்காரர் ஒருவர் காவல் நின்ற பிறகு, அம்மா என்னைப் பஞ்சர் கடைக்குக் கூட்டிப்போனாள். மன்னிப்புக் கேட்க என்று சொன்னாள். கம்பளிக்காரர் உள்ளே பழைய டயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. பச்சைச் சட்டையில் ஒரு கை இல்லை. அம்மா அவர் முன்னால் கை கூப்பி நின்றாள்.

நான் அவரைக் கண்ட சந்தோஷத்தில் அம்மாவின் கையை விட்டு ஓடினேன். அவர் சட்டென்று எழுந்து பின்னால் போனார். சுவர் முதுகில் இடிக்கும் வரை போனார். இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் வாசலில் நின்ற ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாந்தான், சைக்கிள்ல விழுந்த பிள்ளை" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அசையவில்லை.

எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியில், "அவருக்கு மறதி ஜாஸ்திம்மா. மத்தியானம் பாத்த பிள்ளைய அதுக்குள்ள மறந்துட்டாரு" என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பத்து வயதுப் பிள்ளையை எதற்குத் தூக்குகிறாள் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.