மதிப்பெண் இல்லாத இரண்டு மணி நேரம்

பிரசீதா குளத்தூர்க்காரி. பாறசாலைக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் சமூகப்பணித் துறையின் கௌரவ விரிவுரையாளர். பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியும் ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாகச் சேருகிறவளைப் போலத்தான் அங்கே கையெழுத்திட வேண்டும். கல்யாணம் நடக்கவில்லை. கட்டிலில் கிடந்த அம்மாதான் அதற்குக் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். பிரசீதா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

பக்கவாதம் வந்து அம்மா விஜயம்மா ஆறு வருடம் கிடந்தாள். காலையில் அவளைத் துடைத்து, கஞ்சி கொடுத்து, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு பிரசீதா பஸ்ஸுக்கு ஓடுவாள். அம்மாவுக்கு நாக்கு குழறும். ஒருநாள் மகளின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "என்னம்மா, குடிக்க வெள்ளமா? தலகாணி மாத்தணுமா?" எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். கடைசியில், "இரி" என்ற ஒரு சொல் வந்தது. பிரசீதா அன்று கல்லூரிக்குப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இருவரும் அதிகம் பேசவில்லை. மத்தியானம் அம்மா நன்றாகச் சாப்பிட்டாள்.

அம்மா போன பிறகு வீட்டில் பிரசீதா மட்டும்தான். இரண்டு தட்டு எடுத்துவைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கும் பழக்கம் மாற ரொம்ப நாள் ஆனது.

நான்கு வருடப் பட்டப்படிப்பு வந்த சமயம் கல்லூரிகள் எல்லாம் குறுஞ்சான்றிதழ் படிப்புகள் தொடங்க ஆரம்பித்தன. இரண்டு மாதத்தில் ஒரு வேலையை மட்டும் கற்றுத்தந்து ஒரு சான்றிதழ். மாணவர்கள் அதைப் பட்டத்தோடு சேர்த்துக்கொள்ளலாம்; வெளியாட்களும் வந்து படிக்கலாம். ஊரில் அதற்குச் 'சின்ன கோர்ஸ்' என்று பெயர். துறைத் தலைவர் ஜெயதாஸ் பிரசீதாவைக் கூப்பிட்டார்.

"டீச்சரே, நம்ம துறைக்கு ஒண்ணு எழுதித் தரணும். உங்களுக்குத்தான் அதுக்குப் பொறுமை உண்டு."

ஓணம் விடுமுறையில் உட்கார்ந்து எழுதினாள். படுக்கையில் கிடப்பவர்களை வீட்டில் பராமரிப்பது எப்படி என்ற படிப்பு. குளத்தூர், காரோடு ஊர்களின் பக்கம் அதற்குத் தேவை இருந்தது. பெரிய மாடி, பெரிய கேட், உள்ளே ஒரே ஒரு வயதானவர், பிள்ளைகள் வளைகுடாவில். அந்த வீடுகளுக்கு ஹோம் நர்ஸ் வேலைக்குப் போகிற பெண்கள் பலரும் எந்தப் பயிற்சியும் இல்லாமல்தான் போனார்கள். புரட்டுவது, புண் வராமல் காப்பது, மூத்திரக் குழாயைச் சுத்தமாக வைப்பது, புரையேறாமல் ஊட்டுவது என்று ஒவ்வொரு பாடத்தையும் அம்மாவின் கட்டிலை நினைத்துத்தான் எழுதினாள். கடைசிப் பாடத்துக்கு 'உடன் இருத்தல்' என்று தலைப்பு. இரண்டு மணி நேரம். நோயாளியின் பக்கத்தில் எந்த வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் பேசினால் கேட்க வேண்டும். பேசாவிட்டால் சும்மா இருக்க வேண்டும்.

அனுமதிக் குழு கூடிய நாளில் அவளுக்கு உள்ளே இடம் இல்லை. கௌரவ விரிவுரையாளர்கள் குழுவில் இருக்க முடியாது. கேள்வி இருந்தால் கூப்பிடுவார்கள் என்று வராந்தாவில் நாற்காலி போட்டார்கள். கூப்பிட்டது கடைசிப் பாடத்துக்கு மட்டும்தான்.

"இந்த ரெண்டு மணிக்கூறுல படிக்கிறவங்க என்ன கத்துக்கிறாங்க? அதை எப்படி அளக்கப் போறீங்க?" என்று வெளியிலிருந்து வந்திருந்த குழுத் தலைவர் கேட்டார். குரலில் கோபமில்லை.

"கூட இருந்து பாத்தாத்தான் சார் தெரியும்."

யாரோ சிரித்தார்கள். பிரசீதா வராந்தாவுக்குத் திரும்பினாள். அந்தப் பாடத்தை எடுத்துவிட்டு மற்றதற்கு அனுமதி கொடுத்தார்கள். தயாரித்தவர்கள் என்ற இடத்தில் துறையின் நிரந்தர ஆசிரியர்களின் பெயர்கள் வந்தன.

"நியமம் அப்படி ஆக்கும், டீச்சரே," என்றார் ஜெயதாஸ், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பாடம் நடத்தும் பொறுப்பு திருவனந்தபுரத்தில் இருக்கும் ஒரு பயிற்சி நிறுவனத்துக்குப் போனது. சனிக்கிழமை தோறும் அமரவிளையிலிருந்தும் காரோட்டிலிருந்தும் பெண்கள் கல்லூரிக்கு வந்து போவதை பிரசீதா மாடியிலிருந்து பார்ப்பாள். கீழே இறங்கிப் போய்ப் பேச ஆசைதான். என்ன உரிமையில் போவது?

ஒரு வருடம் கழித்து மறுஆய்வு வந்தது. படித்து முடித்தவர்கள் வேலை செய்யும் வீடுகளுக்கு ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். படிப்பைத் தயாரித்தவரோ நடத்தியவரோ போகக் கூடாது என்பது விதி. ஜெயதாஸ் துறையில் ஒவ்வொருவராக யோசித்துப் பார்த்தார். எல்லோர் பெயரும் தயாரித்தவர்களில் இருந்தது.

"உங்க பேரு அதுல இல்லையே டீச்சரே. நீங்களே போகலாம்," என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே என்னவோபோல் ஆனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போறேன் சார்," என்றாள் பிரசீதா.

காரோட்டில் ஒரு வீடு. சுந்தரதாஸ் பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பெலும்பு முறிந்து கிடையில் இருந்தார். மனைவி இல்லை. மகன் அபுதாபியில். பார்த்துக்கொண்டது ரெஜிலா, முப்பது வயதிருக்கும், முதல் குழுவில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். பிரசீதா முதுகைப் பார்த்தாள். புண்ணுக்கான ஒரு சிவப்புகூட இல்லை. விரிப்பில் சுருக்கம் இல்லை. மருந்து நேரத்துக்கு. அறையில் டெட்டால் வாசனை மட்டும்தான். தான் எழுதியது எல்லாம் அப்படியே நடப்பதைப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்தது. இது நான் எழுதினது என்று சொல்லத்தான் அங்கே ஆளில்லை.

ரெஜிலா துணி அலசப் போனபோது கிழவர் மெதுவாகக் கேட்டார்.

"மக்கா, நீ எந்த ஊரு ஆக்கும்?"

"குளத்தூரு, மாமா."

"குளத்தூரா? அந்த ரோட்டு வளவுல வண்டியைத் திருப்பி பிரேக் பிடிச்சு பிடிச்சு எனக்க காலு தேஞ்சு போச்சு." சிரித்தார். "கொஞ்ச நேரம் இரி. தெரக்கு உண்டா?"

"ஒரு தெரக்கும் இல்ல. நிதானமாப் போனா போதும். ரெஜிலா நல்லா பாக்குதாளா?"

"குறை சொல்லப்பிடாது. தங்கமான பிள்ளை. எல்லாம் செய்யும். மிண்ட மட்டும் மாட்டா."

பிரசீதா பின்கட்டுக்குப் போனாள். கோபமாகத்தான் போனாள். "ரெஜிலா, அவருகிட்ட ரெண்டு வார்த்தை பேசினா என்ன?"

ரெஜிலா பயந்துவிட்டாள். ஈரக் கையை நைட்டியில் துடைத்தாள்.

"டீச்சரே, கோர்ஸுல அப்படித்தானே படிப்பிச்சது? கடைசி கிளாஸுல. தொழில் எல்லைன்னு சொல்லி. நோயாளிகிட்ட தேவையில்லாத்த பேச்சு வர்த்தமானம் கூடாது, வீட்டு விசேஷம் கேக்கக் கூடாது, ரொம்ப அடுத்துப் பழகக் கூடாதுன்னு. பரீட்சைக்கும் வந்துது. எனக்கு முழு மார்க்கு உண்டு." பிறகு குரல் தாழ்ந்தது. "எனக்கும் பேசணும்னுதான் டீச்சரே. பகல் முழுக்க ஒரு வார்த்தை மிண்டாம இருந்தா எனக்கே தொண்டை அடைக்கும். பின்னே வேலை போயிட்டா?"

பிரசீதாவுக்குப் புரிந்தது. அவள் பாடத்தை நீக்கிய இடம் காலியாக இருந்திருக்கிறது. அங்கே நிறுவனம் தன் பாடத்தை வைத்திருக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. துவைக்கும் கல்லின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்று குழுவின் முன்னால் இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது.

அறிக்கையில் ரெஜிலாவின் பெயரைப் போடாமல் நடந்ததை எழுதினாள். மறுஆய்வுக் கூட்டத்தில் இந்த முறை உள்ளே நாற்காலி இருந்தது. அதே தலைவர். அறிக்கையைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தத் தொழில் எல்லைக் கிளாஸை நீக்கிரலாம். ஆனா உங்க பாடத்துக்கு மார்க்கு எப்படிப் போடறது?"

"மார்க்கு வேண்டாம் சார். அந்த ரெண்டு மணிக்கூறு மட்டும் திருப்பித் தாங்க."

சான்றிதழில் வராது, கட்டாயமில்லை, நிறுவனம் ஆள் தராது என்ற நிபந்தனைகளோடு அனுமதித்தார்கள். நடத்த ஆள் வேண்டுமே என்றார் ஜெயதாஸ். நான் உண்டு என்றாள் பிரசீதா.

இதற்கிடையில் சுந்தரதாஸ் வீட்டுக்கு அவள் அவ்வப்போது போய்வரத் தொடங்கியிருந்தாள். அது ஆய்வில் சேராது. அவர் பூவார் பாதையைப் பற்றியும் காலையில் ஏறும் மீன்காரிகள் போட்ட சண்டையைப் பற்றியும் சொல்வார். ரெஜிலாவும் கதவில் சாய்ந்து நின்று கேட்பாள். பிரசீதாவுக்கு வாரத்தில் அந்த ஒரு சாயங்காலத்துக்காகப் பேச்சு சேர்த்துவைக்கும் பழக்கம் வந்தது.

ஒருநாள் பஸ்ஸில் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே ரெஜிலாவின் அழைப்பு.

"டீச்சரே, அப்பச்சனைக் கொண்டு போயாச்சு. மகன் வந்துது. திருவனந்தபுரத்துல ஒரு முதியோர் ஹோமுல ஆக்கியிருக்கு. எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும்."

"அவரு எதாவது சொன்னாரா?"

"டீச்சரு வரும்னு சொன்னாரு. மகனுக்குத் தெரக்கு."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பியிருக்கலாம். ஆனாலும் காரோடு வரை போனாள். கேட்டில் பூட்டு தொங்கியது. முற்றத்தில் கட்டில் விரிப்பு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, எடுக்க மறந்திருப்பார்கள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. திரும்பும் பஸ் வரும்வரை எதிரே இருந்த மூடிய கடையின் படியில் நின்றாள்.

'உடன் இருத்தல்' முதல் வகுப்புக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி, சான்றிதழில் வராது என்று தெரிந்ததும் எழுந்து போய்விட்டாள். மீதி இருந்தவர்களில் ரெஜிலாவும் ஒருத்தி. இப்போது அவளுக்கு அமரவிளையில் வேலை. அங்கிருந்த அம்மச்சி யாரிடமும் பேசுவதில்லையாம்.

"மிண்டாத்த ஆளுகிட்ட நான் என்னத்த மிண்ட, டீச்சரே?"

"நீ ஒண்ணும் மிண்ட வேண்டாம். வேலை முடிஞ்சா போனை எடுக்காம பக்கத்துல இரி. மடுத்துச் சலிச்சுப் போகும். அப்பவும் இரி."

சில வாரம் கழித்து ரெஜிலா அழைத்தாள். "அம்மச்சி இன்னைக்கு எனக்க பேரைக் கேட்டுது டீச்சரே! கேட்டுட்டு, நல்ல பேருன்னும் சொல்லிச்சு."

பிரசீதா அப்போது கல்லூரியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். சந்தோஷத்தில் நின்றுவிட்டாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. யாரிடம் என்று போனில் பெயர்களைத் தள்ளிப் பார்த்துவிட்டு ஜெயதாஸை அழைத்தாள். கூட்டத்தில் இருக்கிறேன், பிறகு கூப்பிடுகிறேன் என்றார். சரி சார் என்றாள். தூறல் விழ ஆரம்பித்தது. குடையை விரித்துக்கொண்டு நடந்தாள்.