முப்பது நாளும் பிரேக் சரி

என் அப்பா இருபத்தொரு வருடமாக டாக்சி ஓட்டுகிறார். வண்டியில் எது கெட்டாலும் உதட்டைப் பிதுக்கிவிட்டு ஓட்டுவார். பிரேக் மிதி தரைவரை போனால் இரண்டு முறை மிதிப்பார். ஷெட்டில் விட்டால் ஒரு வாரம் வண்டி கைக்கு வராது. மாலை ஓட்டுநர் சோடாபுட்டியிடம் சாவியைக் கொடுக்கும்போது, “ரெண்டு மிதி” என்பார். சோடாபுட்டி தலையாட்டுவார். அவ்வளவுதான்.

தினமும் காலையில் பிரேக், விளக்கு, டயர் பார்த்து நோட்டில் எழுத வேண்டும் என்பது விதி. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். வீட்டில் முதல் பட்டதாரி நான். மாதத் தொடக்கத்திலேயே முப்பது நாளுக்கும் ‘சரி’ என்று எழுதித் தருவேன். அவர் வரிசையாகக் கையெழுத்துப் போடுவார். என் படிப்பு வீட்டுக்கு உதவுகிறதே என்று பெருமை வேறு.

பதினெட்டாம் தேதி சோடாபுட்டி லீவு. அப்பா சாவியை டாக்சி முதலாளியின் ஆபீஸ் ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டார். எடுத்துப்போன மாற்று ஓட்டுநர் ஒரு முறைதான் மிதித்தார். வண்டி சுவரில் மோதியது. அவர் கால் முறிந்தது.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நடந்த விசாரணைக்கு நானும் போனேன். அப்பாவின் லைசென்ஸ் அதிகாரியின் மேசைமேல் கிடந்தது.

“பிரேக் சரியில்லன்னு ரெண்டு தடவ சொன்னேன் முதலாளி,” என்றார் அப்பா.

“யார்கிட்ட, காத்துகிட்டயா?” முதலாளி நோட்டைத் தள்ளினார். “பாருங்க சார். பதினெட்டு, பிரேக் சரி. கையெழுத்து யாரோடது?”

“என்கிட்ட வண்டியே வரல,” என்றார் ஷெட் மெக்கானிக். “வராத வண்டிக்கு ஜோசியமா பாக்க முடியும்?”

அப்பா தன் கையெழுத்தைக் குனிந்து பார்த்தார். என் எழுத்து குண்டு குண்டாக, அழகாக இருந்தது.

“அடுத்த பக்கம் திருப்புங்க சார்,” என்றேன்.

“நீ சும்மா இரும்மா,” என்றார் முதலாளி.

அதிகாரி திருப்பினார். முப்பதுவரை பிரேக் சரி. அன்று தேதி இருபத்திரண்டுதான். வண்டியோ நொறுங்கிக் கிடந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் முதலாளியின் ரப்பர் ஸ்டாம்பும் முன்கூட்டியே விழுந்திருந்தது.

“எல்லாருமே கெட்டிக்காரங்க,” என்ற அதிகாரி, முதலாளியின் பர்மிட்டையும் அப்பாவின் லைசென்ஸையும் ஆறு மாதம் நிறுத்தி வைத்தார். மெக்கானிக் மட்டும் சிரித்துக்கொண்டே போனார்.

வெளியே அப்பா திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

“என்னையும் சேத்து மாட்டிவிட்டுட்ட. திருப்தியா?”

“பிரேக் போச்சுன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா.”

“எழுதறவ நீ. ஒரு நாளாவது கேட்டியா?”

பஸ் வந்தது. அவர் முன்வாசலில் ஏறினார். நான் பின்வாசலில் ஏறினேன்.