கட்டிலை விடப் பெரிய வட்டம்

அவருடைய இடது இடுப்பு எலும்பின் மேல் அந்தச் சிவப்பை முதலில் பார்த்தது நான்தான். ஈரத் துணியால் உடம்பைத் துடைக்கும்போது பார்த்தேன். ஒரு ரூபாய்க் காசளவு இருந்தது. கொசு கடித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொசு கடித்தால் அப்படி இருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் போய்விட்டது. பேச்சு இருக்கிறது, நினைவு இருக்கிறது, கறியில் உப்புக் குறைந்தால் சொல்லத் தெரிகிறது. இடது பக்கத்தைக் கிள்ளினால் மட்டும் தெரியாது. அந்தப் பக்கத்துக்கு என்ன நடந்தாலும் அவர் சொல்லப்போவதில்லை, நான்தான் பார்க்க வேண்டும். புதன்கிழமைதோறும் வீட்டுக்கு வரும் நர்ஸ் முதல் நாளே சொல்லிவிட்டார். படுக்கைப் புண் வந்துவிட்டால் இந்த வயதில் ஆற்றுவது கஷ்டம், வராமல் பார்ப்பதுதான் வைத்தியம் என்று. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டுவேன், புரட்டும்போதெல்லாம் பார்ப்பேன்.

காற்று மெத்தை வாங்கிப் போட்டிருந்தோம். அதன் மேல் வெறும் துணியை விரித்தால் வழுக்கிப் போய் ஒரு பக்கம் சுருண்டுவிடும். சுருண்ட துணி எலும்புக்குக் கீழே கிடந்தால் அதுவே புண்ணாக்கும்.

"நல்ல கனமான பருத்தித் துணியா, சுருளாம கெடக்கணும் அம்மா. தையல் எலும்புக்கு நேரே வரப்பிடாது" என்றார் நர்ஸ்.

எனக்கு அது போதும். நாற்பது வருஷம் ரவிக்கை தைத்தவள் நான். எங்கள் சர்ச் சபையில் கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளை ரவிக்கை என்றால் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். படித்தது மூன்றாம் வகுப்பு, ஆனால் டேப்பில் உள்ள எண்ணெல்லாம் எனக்கு மனப்பாடம். பழைய கைலித் துண்டுகளைச் சேர்த்து ஒட்டுத் துணி விரிப்பு ஒன்று தைப்பது, அவர் இடுப்பு படுகிற இடத்தில் மட்டும் ஒரே துணியில் ஒரு வட்டம் வைப்பது என்று தீர்மானித்தேன். அவர் அதே சர்ச்சில் கோயில்பிள்ளையாக இருந்து ஆலய மணி அடித்தவர். வெள்ளை வேட்டிக்குக் குறைவில்லை. எல்லாம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனவை.

என் தங்கச்சி இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். அறுபத்தைந்து வயதாகியும் கையிலிருந்து ஃபோனை இறக்கமாட்டாள். வெளிநாட்டுப் பெண்கள் ஒட்டுத் துணி தைப்பதைக் கொண்டுவந்து காட்டினாள். டேப் இல்லை, கோடு போடச் சாக்பீஸ் இல்லை. இரண்டு துணிகளின் ஓரத்தை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிப் போட்டு, இரண்டையும் சேர்த்து மனம்போல வளைத்து வெட்டுகிறார்கள். வெட்டிய வளைவுகளை அப்படியே இணைத்துத் தைக்கிறார்கள்.

"பாத்தியா அக்கா, அளவே எடுக்கல்ல."

"அது தையலா ஏட்டி? கீரை அரியது மாதிரி இருக்கு."

"கீரையோ என்னமோ, படிஞ்சு கெடக்குல்லா."

"ஒனக்க ஃபோன்ல எல்லாம் படிஞ்சுதான் கெடக்கும். கொண்டு போ."

நான் என் முறைப்படி தைத்தேன். சோற்றுப் பானை மூடியை வைத்து, விரிப்பில் வட்டம் வரும் இடத்து ஓட்டைக்குக் கோடு போட்டேன். அதில் வைக்கும் வட்டத்தை, தையலுக்கு விடுவது போக, இன்னும் கொஞ்சம் பெரிதாக வெட்டினேன். ரவிக்கைக் கையின் மேல் வளைவு அப்படித்தான், அது போய்ச் சேரும் கைக்குழியைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அந்தக் கூடுதலை நூலில் மெல்ல இழுத்து, சுருக்கம் தெரியாமல் அடக்கித் தைத்தால்தான் தோளில் உட்காரும். அதில்தான் எனக்குப் பேர். இதையும் அப்படியே அடக்கினேன். தேய்ப்புப் பெட்டியை வைத்து அழுத்தியதும் தட்டாகப் படிந்தது. ஒரு சுருக்கம் இல்லை. அவரைப் புரட்டி அதன் மேல் கிடத்தியபோது, "கொள்ளாம் பிள்ளே" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள்தான் அந்தச் சிவப்பு.

புதன்கிழமை நர்ஸ் வந்து பார்த்தார். விரலால் அந்த இடத்தை அமுக்கிவிட்டு எடுத்தார். விரல் பட்ட இடம் வெளுத்து, பிறகு மெல்லச் சிவந்தது.

"வெளுக்குல்லா, இதுவரைக்கும் பயமில்ல. அமுக்கியும் வெளுக்காம செவப்பாவே நிண்ணா உள்ள சதை கெட்டாச்சுன்னு அர்த்தம். இங்க என்ன மாத்தினீங்க அம்மா?"

புது விரிப்பு கண்முன்னே கிடக்கிறது. நான் சொன்னது என்ன தெரியுமா? "மெத்தையில காத்து கொறஞ்சிருக்கும் சிஸ்டர்" என்றேன். அவர் என்னை நம்பி மெத்தையில் காற்றைக் கூட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் சிவப்பு இரண்டு காசளவு ஆகியிருந்தது. அமுக்கிப் பார்த்தேன். வெளுத்தது, ஆனால் முந்தின நாள்போலச் சட்டென்று வெளுக்கவில்லை. அல்லது பயத்தில் எனக்கு அப்படித் தோன்றியதோ என்னவோ. திரும்பத் திரும்ப அமுக்கினேன். அப்புறம் அமுக்குவதே அந்த இடத்தைக் கெடுத்துவிடுமோ என்று கையை எடுத்துவிட்டேன்.

அவர் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தபோது உள்ளங்கையை மேலே பார்க்க அவருக்கு அடியில் விட்டேன். வட்டத்தின் நடுவில், சரியாக அந்த எலும்புக்குக் கீழே, துணி விரல் கனத்துக்கு மடிந்து கிடந்தது. நான் அடக்கி வைத்த கூடுதல் துணி அது. பாரம் ஏறியதும் போக இடமில்லாமல் மடிந்துவிட்டது. ரவிக்கையில் அந்தக் கூடுதலை நிரப்பத் தோள் இருக்கிறது. கட்டிலில் என்ன இருக்கிறது? நாற்பது வருஷம் தோளுக்கே தைத்த கை, தட்டையான துணியிலும் ஒரு தோளை வைத்திருக்கிறது.

விரிப்பை உருவி எடுத்து வேட்டியை விரித்தேன். மத்தியானத்துக்குள் அது சுருண்டுவிட்டது. தங்கச்சியைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அந்த ஃபோனக் காட்டு" என்றேன்.

"கீரை அரியவா?"

"எளவ, காட்டுட்டி."

சின்ன வட்டம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். வளைவு எவ்வளவு பெரிதோ அவ்வளவு துணி சொன்னபடி கேட்கும். வட்டத்தைக் கட்டிலை விடப் பெரிதாக நினைத்துக்கொண்டால் விரிப்பில் அதன் நடுப்பகுதி மட்டும்தான் வரும், அதன் இரண்டு பக்க வளைவுத் தையலும் உடம்பு படாத ஓரங்களில் போய் விழும். தரையில் வேட்டியை விரித்து, அதன் ஓரத்தில் ஒட்டுத் துணியை ஏற்றிப் போட்டோம். கோடு போடாமல் நான் துணியில் கத்திரி வைத்ததே கிடையாது. நாலு விரல் நீளம் வெட்டிவிட்டு நிறுத்தினேன்.

"நிப்பாட்டாத. நிப்பாட்டினா முனை விழும்" என்றாள் தங்கச்சி.

"எனக்கு நீ சொல்லித் தாறியா?"

"ஆமா. வெட்டு."

முட்டி மடங்காததால் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து வெட்டினேன். மிஷினில் இரண்டு ஓரங்களையும் ஊசி விழுகிற இடத்தில் மட்டும் ஒன்றாக வைத்து, குண்டூசி குத்தாமல், இழுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்தேன். என் கை பழக்கத்தில் மேல் துணியைக் கூடுதலாக உள்ளே தள்ளத்தான் பார்த்தது. இரண்டு தடவை பிரித்தேன். அடியில் இரண்டு பழைய கைலிகளை வைத்து, ஓரங்களில் மட்டும் நீளத் தையல் போட்டேன். நடுவில் ஊசியே படவில்லை.

"அத்தானைக் கெடத்துறதுக்கு முன்ன நீ படு" என்றாள்.

அவரை நாற்காலியில் இருத்திவிட்டு, காற்று மெத்தையின் மேல் இடது பக்கமாக நான் படுத்தேன். அவள் எனக்கு அடியில் கையை விட்டு இடம் இடமாகத் தடவினாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாடு வாங்க வந்தவன் தடவது மாதிரி இருக்கு" என்றார்.

"மடிப்பு இருக்கா ஏட்டி?"

"இல்ல."

"சரியாப் பாரு."

"இல்லக்கா. ஒனக்க எலும்புதான் இருக்கு."

அடுத்த புதன் வரைக்கும் அவரை அந்தப் பக்கம் சாய்க்கவே இல்லை. வலது பக்கமும் மல்லாந்தும் மாற்றி மாற்றிக் கிடத்தினேன். சாப்பிட உட்கார்ந்தாலும் எழுந்துபோய்ப் பார்ப்பேன். சிவப்பு கூடவில்லை. குறைகிறதா என்று என் கண்ணை நம்ப முடியவில்லை.

நர்ஸ் வந்து அமுக்கினார். நானும் குனிந்து பார்த்தேன். வெளுத்தது, உடனே நிறம் திரும்பியது.

"கொறஞ்சிருக்கு. காத்துக் கூட்டினது நல்லதாப் போச்சு."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் காற்று அதிகமாகவே இருந்தால் அந்த மெத்தையும் கல்லாகத்தான் கிடக்கும் என்று எனக்குத் தெரியும்.

"காத்து இல்ல சிஸ்டர். நான் தச்சதுல மடிப்பு. அண்ணைக்கு நான் பொய் சொன்னேன்."

நர்ஸ் என்னைத் திட்டவில்லை. குனிந்து, மெத்தைக்குக் காற்றடிக்கும் பம்பின் திருகைத் திருப்பிக் காற்றைக் குறைத்தார். மெத்தை அடங்கியதும் கையால் அமுக்கிப் பார்த்தார். பிறகு, "ஒரு வாரம் காத்தக் கூடுதலா வச்சிருந்தோம் அம்மா" என்று மட்டும் சொன்னார்.

அவர் போனபிறகு என் வீட்டுக்காரர் கேட்டார்: "ஒனக்க தையல்ல மடிப்பா? சபையில சொல்லட்டா?"

"சொல்லுங்க" என்றேன். விரிப்பை நீவி, அவரைப் புரட்டி, கையை அடியில் விட்டுப் பார்த்தேன்.