ஒரு ஆளை அனுப்பு தாயே என்று கேட்டேன்

என்னுடைய ஐந்து சான்றிதழ்களும் ஐந்து மாதம் இன்னொருவர் பீரோவுக்குள் கிடந்தன. அங்கே கொண்டுபோய் என் கையாலேயே கொடுத்தவன் நான். கொடுக்கச் சொன்னவன் என் நண்பன். அந்த நாட்களில் அம்மன் இருக்கிறாளா என்றுகூடக் கேட்டுவிட்டேன். நம்முடைய வெள்ளிக்கிழமை பூசைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சங்கராபுரத்துக்குப் பக்கம். அப்பா குத்தகை நிலத்தில் பாடுபடுகிறவர், கைநாட்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்த முதல் ஆள் நான்தான். பி.எஸ்ஸி. கணக்கு, அதற்கு மேல் பி.எட். முடித்தேன். தாம்பரம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேலை, இருபத்திரண்டாயிரம் சம்பளம். வாடகை மட்டும் எட்டாயிரம் போய்விடும். குடிக்கிற தண்ணீருக்கும் காசு. மனைவி சுமதி, இரண்டு வயது மகள், நான், மூவரும் ஒரே அறையில் இருந்தோம்.

போன வருடம் மே மாதம் சரவணன் போன் செய்தான். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவன், திருக்கோவிலூர்க்காரன். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியராக இருந்தான்.

"டேய், எங்க ஸ்கூல்ல கணக்குக்கு ஆள் கேக்குறாங்க. பதினேழு தர்றாங்க. கம்மின்னு நெனைக்காத. நான் ஒரு கணக்கு போட்டு அனுப்புறேன், பாரு" என்றான்.

வினாத்தாளின் பின்பக்கத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினான். சென்னை ஒரு பக்கம், கள்ளக்குறிச்சி ஒரு பக்கம். வாடகை மூவாயிரத்து ஐந்நூறு. காய்கறி, பால் விலை எல்லாம் எழுதியிருந்தான். அரிசி உங்கப்பா கொடுப்பார் என்று அதற்கு நேரே ஒரு பூஜ்ஜியம். சம்பளத்தில் ஐயாயிரம் குறைந்தாலும் மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு கூடுதலாக மிஞ்சும் என்று அடியில் கோடு போட்டிருந்தான். கணக்கு வாத்தியாருக்கே கணக்கு போட்டுக் காட்டினான். நானும் சரிபார்த்தேன். கூட்டலில் தப்பு இல்லை.

சுமதிதான் கேட்டாள். "அவ்ளோ நல்ல எடம்னா அவரு ஏன் இன்னும் கல்யாணத்துக்குப் பணம் சேத்துகினு இருக்காரு?"

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று வாயை அடைத்துவிட்டேன்.

ஜூன் முதல் வாரம் குடிவந்தோம். சேருகிற அன்று அலுவலக மேலாளர் அசல் சான்றிதழ்களைக் கேட்டார். நான் தயங்கினேன். சரவணன் பக்கத்திலேயே நின்றான். "குட்றா, எல்லாரும் குடுத்ததுதான். பத்து நாள்ல சரிபாத்துட்டு குட்த்துருவாங்க" என்றான். கொடுத்தேன்.

அந்த மாதக் கடைசியில் அவன் பெங்களூருக்குப் போய்விட்டான். நல்ல வேலை கிடைத்தது என்றான். பேருந்து நிலையத்துக்குப் போய் வழியனுப்பிவிட்டு வந்தேன். அவன் பையை நான்தான் தூக்கினேன்.

முதல் சம்பளம் கைக்கு வந்தது பன்னிரண்டாயிரம். முதல் வருடம் பயிற்சிக் காலமாம். கோடை விடுமுறைக்குச் சம்பளமே கிடையாதாம். இதில் ஏதும் அந்தத் தாளில் இல்லை. இன்னொன்றும் அதில் இல்லை. அதற்கு அவனைக் குற்றம் சொல்ல முடியாது, அது என் புத்திக்கும் எட்டவில்லை. தாம்பரத்தில் இருந்தபோது சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு லீவு இல்லை என்று சொல்லித் தப்பித்துவிடலாம். இங்கே வந்தபிறகு ஆவணியில் மட்டும் ஏழு பத்திரிகை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை. "வாத்தியாரு உள்ளூருக்கே வந்துட்டாரு, மொய் பெருசா வைப்பாரு" என்று மைக்கில் பேர் வாசிக்கிற ஆளே கேலி பண்ணினார். ஐப்பசிக்குள் சுமதியின் கம்மல் அடகுக்குப் போனது.

அப்போதுதான் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் தற்காலிக ஆசிரியர் வேலை என்று தெரிந்தது. விண்ணப்பித்தேன். கூப்பிட்டும் விட்டார்கள். கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை அசல் சான்றிதழ்களோடு வரவேண்டும். நான்கே நாட்கள் இருந்தன. பள்ளி மேலாளரிடம் போய் நின்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. டீ குடித்துக்கொண்டே சொன்னார். "இன்னா சார், தெரியாத மாதிரி கேக்குறீங்க? உங்க எடத்துக்கு ஒரு ஆளக் கொணாந்து உட்டுட்டு, எடுத்துகினு போய்க்கினே இருங்க. சரவணன் சார் உங்கள உட்டுட்டுதான எடுத்துகினு போனாரு?"

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அவனைக் கூப்பிட்டேன். மறைப்பான் என்று நினைத்தேன். அவன் சிரித்தான்.

"நான் இன்னாடா பண்றது? ரெண்டு வருசம் மாட்டிகினு இருந்தேன். உனக்கு வூடு பக்கம், சமாளிச்சுப்பன்னு பாத்தேன். நீயும் ஒருத்தன புடிச்சி உட்டுட்டு வந்துடு. மேட்டர் அவ்ளோதான்."

ஒரே தட்டில் சாப்பிட்டவன். என் அப்பாவை "அப்பா" என்று கூப்பிட்டவன். எனக்காக உட்கார்ந்து கணக்கு எழுதினான் என்று நம்பியிருந்தேன். என்னை விலையாக வைத்துத் தன்னை மீட்டுக்கொண்டிருக்கிறான். திட்டாமலே போனை வைத்துவிட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. நம் கோயிலுக்கு வந்தேன். உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள், தீபாராதனை முடிந்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். நான் என்ன வேண்டினேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "ஒரு ஆளை அனுப்பு தாயே. என் இடத்துக்கு எவனாவது ஒருத்தன் வரட்டும். நான் தப்பித்துக்கொள்கிறேன்." இதைத்தான் கேட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

மறுநாள் காலை போன் அடித்தது. அன்பு. கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் இளையவன், அவனும் கணக்கு படித்தவன். கல்வராயன் மலையில் அவன் ஊர். அவன் வீட்டிலும் படித்தவன் அவன் ஒருவன்தான். வேலை கிடைக்காமல் சாமைக் காட்டில் அறுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"அண்ணா, உங்க ஸ்கூல்ல எதுனா வேல இருக்குதா?"

உடம்பு சிலிர்த்துவிட்டது. கேட்ட மறுநாளே அனுப்பிவிட்டாளே! என் வாய் தானாகப் பேச ஆரம்பித்தது. "இருக்குதுடா. பதினேழுன்னு போடுவாங்க. இங்க வாடகையும் கம்மி, மூவாயிரத்து ஐந்நூறுதான்..."

"அது போதும்ணா. சர்டிபிகேட்டு எல்லாத்தையும் எங்கம்மா அரிசி டப்பாவுல வெச்சிகினு இருக்குது. திங்கக்கிழமை எடுத்தாந்துடட்டா?"

அந்த டப்பாவை அவன் அம்மா திறப்பது கண்ணில் தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டாயிரம், பீரோ, சரவணன், புதன்கிழமை, எல்லாம். "வராதடா" என்றேன்.

"நீங்க இன்னா பண்ணப் போறீங்கண்ணா?" என்றான்.

"தெர்லடா" என்று வைத்துவிட்டேன்.

அம்மன் அனுப்பிய ஆளை நானே விரட்டிவிட்டேன் என்று சுமதியிடம் அழுதேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள், "உங்க ஃபிரண்டு மாதிரி உங்களுக்கு வாய் வரல இல்ல? அதுக்கே அந்தத் தாய்க்கு ஒரு தேங்கா ஒடைக்கணும்."

திங்கட்கிழமை காலை கதவைத் தட்டும் சத்தம். அன்பு நின்றுகொண்டிருந்தான். மலையிலிருந்து முதல் பேருந்தில் இறங்கி வந்திருக்கிறான்.

"சர்டிபிகேட்டு எடுத்தாரலண்ணா, பயப்படாதீங்க" என்று சிரித்தான். "இன்னிக்குக் கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குற நாளு. தனியாப் போவ பயப்படுவீங்கன்னு வந்தேன். சட்டைய மாத்துங்க."

உண்மைதான். பயந்தேன். கிழித்துப் போட்டுவிட்டால்? காணோம் என்று சொல்லிவிட்டால்? தனியாக இருந்தால் பாதி வழியில் திரும்பியிருப்பேன். அவன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். மனு எழுதியது நான், கையெழுத்து என்னுடையது. ஆனால் என் முறை வந்தபோது அவன்தான் வாய் திறந்தான். "சார், இவுரு படிச்ச படிப்ப ஒரு பீரோவுல வெச்சிப் பூட்டிகினு இருக்காங்க சார்." அந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். மனுவை முழுக்கப் படித்தார். அங்கேயே யாருக்கோ போன் போட்டார்.

செவ்வாய் மாலை மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். "இன்னா சார், ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்பமே. இதுக்குப் போய் அவ்ளோ தூரமா?" என்றார். உறையைப் பிரித்து எண்ணினேன். பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம், பி.எட்., மாற்றுச் சான்றிதழ். ஐந்தும் இருந்தன. புதன்கிழமை மலை ஏறினேன். வேலை கிடைத்தது.

நான் கேட்டது ஒரு ஆள். அவள் அனுப்பியதும் ஒரு ஆள்தான். என் இடத்தில் மாட்டிக்கொள்ள ஒருவனைக் கேட்டேன், என் பக்கத்தில் நிற்க ஒருவனை அனுப்பினாள். நம் கெட்ட வேண்டுதலைக்கூட நல்லதாகத் திருப்பித் தருகிறவள் அவள். அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

எல்லாம் ஆறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பொங்கலன்று சரவணன் போன் செய்தான். எடுக்கவில்லை. அவன் பேரைச் சொல்லி வேண்டிக்கொள்ள இன்னும் நாக்கு வரவில்லை. அதையும் அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவளாகப் பார்த்து என்றைக்குத் தருகிறாளோ தரட்டும். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. இந்த ஊரில் வேலை எப்படி, செலவு எப்படி என்று யார் கேட்டாலும் மொய் உட்பட உள்ளதைச் சொல்கிறேன்.

உங்களில் யாருடைய படிப்பாவது இப்படி ஒரு பீரோவுக்குள் கிடந்தால், அவளை நம்பி முதலில் வாய் திறந்து சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் மலையிலிருந்து இறங்கிவிடுவேன், கோயிலில் இடது பக்கத் தூணோரம் இருப்பேன். திங்கட்கிழமை காலை அன்பும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வாருங்கள். சேர்ந்து போவோம்.